அரைநாள் வேலை

கொத்தனார் அரைநாளுக்கு வருவதில்லை. சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்திருந்தாலும் சரி, கைப்பிடிச்சுவர் முழுவதையும் பூச வேண்டியிருந்தாலும் சரி, கணக்கு ஒரு நாள்தான். ஒன்பது மணிக்கு வந்து, வேலைச் சட்டைக்கு மாறி, சாந்து குழைத்துப் பூசி முடித்துக் கரணையைக் கழுவும்போது மணி பன்னிரண்டுகூட ஆகியிருக்காது. ஆனாலும் அவருடைய அன்றைய நாள் தீர்ந்துவிட்டது. அதற்குமேல் இன்னொரு வீட்டுக்குப் போக வழியில்லை. ஆள் கூப்பிடுகிறவர்கள் காலை ஏழரைக்கே டீக்கடை முக்குக்கு வந்து, கூலி பேசி, அழைத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆகவே ஒரு சதுர அடிப் பூச்சுக்கு ஒரு மனிதரின் முழு நாளை வீட்டுக்காரர் வாங்கியாக வேண்டும். கூடவே ஒரு சித்தாளின் நாளையும். சாந்துச் சட்டியைக் கொத்தனார் தானே எடுத்து வந்தால் கை வேலை நின்றுபோகும். சாந்து இறுகத் தொடங்கிவிடும்.

சின்ன வேலைக்கு இவ்வளவா என்ற முணுமுணுப்பு இங்கிருந்துதான் கிளம்புகிறது. வீடு வைத்திருக்கிற யாரிடம் பேசினாலும் இது வருகிறது. அந்த முணுமுணுப்பை அலட்சியப்படுத்த நான் விரும்பவில்லை. ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு ஒழுகும் தளம் என்பது நிஜமான பயம். ஆனால் அந்தப் பணம் எதற்காகப் போகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமோ, அதற்காகப் போகவில்லை என்பது என் எண்ணம். அதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் திருச்சிப் பக்கத்து விலையிலேயே ஒரு கணக்குப் போடலாம். ஜன்னலுக்கு மேலே சன்ஷேடின் அடிப்பக்கத்தில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. முப்பது வருஷத்து வீடுகளில் இது சாதாரணம். முதல் நாள், தளர்ந்து நிற்பதையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியில் ஏறிய துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். மறுநாள் பழசும் புதுசும் பிடித்துக்கொள்வதற்கான கெமிக்கலைத் தடவி, சாந்து அடைத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து முடிக்க வேண்டும். கொத்தனாருக்கு 1,200, சித்தாளுக்கு 800 என்று வைத்தால் இரண்டு நாளுக்கு 4,000. சிமெண்ட் ஒரு மூட்டை 370. தேவைப்படுவது கால் மூட்டைகூட இல்லை, மிச்சம் மாடிப்படிக்கு அடியில் கிடந்து கல்லாகும். பி-சாண்ட் நான்கு மூட்டை 320. பூச்சுகளும் கெமிக்கலும் 600. சாரம் கட்டச் சவுக்குக் கட்டை, பலகை வாடகை, கொண்டுவந்து இறக்கும் வண்டியோடு சேர்த்து 800. பெயர்த்த காரையைக் குப்பை வண்டி வாங்காது; குட்டியானைக்காரர் 500 கேட்பார். டீக்கும் வடைக்கும் 200. கூட்டினால் ஏழாயிரத்தை நெருங்குகிறது. இதில் பொருளுக்குப் போனது 1,300கூட இல்லை. புதுவீடு கட்டும்போது செலவில் மூன்றில் இரண்டு பங்கைப் பொருள் தின்றுவிடும், மீதியை ஒட்டிக் கூலி நிற்கும். பழுது வேலையில் அது அப்படியே தலைகீழ்.

புதுவீட்டுக்குச் சதுர அடி விலை என்று ஒன்று ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் என்ன விலைக்கு விட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு போய் உட்கார்ந்து பேசலாம். சன்ஷேடின் பழுதுக்குச் சதுர அடி விலை கிடையாது. கொத்திப் பார்த்தால்தான் கம்பி எவ்வளவு தூரம் அரித்திருக்கிறது என்று தெரியும். ஆகவே பேச்சு இரண்டில் ஒன்றாக முடிகிறது. மொத்தமாகப் பேசினால், உள்ளே என்ன கிடக்குமோ என்ற தன் பயத்துக்கும் சேர்த்து மேஸ்திரி விலை சொல்கிறார். பேசிய தொகைக்குள் முடிக்கக் கைவேகமும் கூடிவிடுகிறது. நாள்கூலிக்கு விட்டால், பீடி பற்றவைக்கும் நேரத்தையும் எண்ணிக்கொண்டு வீட்டுக்காரர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். இரண்டிலும் ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம். அளவுகோல் இல்லாத இடத்தில் நம்பிக்கை இருந்தாக வேண்டும்; அது பல வருஷப் பழக்கத்தில் வருவது. தலைமுறைக்கும் ஒரே கொத்தனார் வந்துபோன வீடுகள் முன்பு உண்டு. எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது, மாடி எடுக்கும்போது பீமை எங்கே நிறுத்தினார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். பட்டா பத்திரத்தைவிட அந்த ஞாபகம் வீட்டுக்கு உபயோகமாக இருந்தது.

எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அறுபதை நெருங்குகிறார். அவரோடு வெகுகாலமாக ஒரே சித்தாள்தான் வருகிறார்; ஐம்பது வயதுப் பெண்மணி, நாங்கள் அக்கா என்போம். எங்கள் வீட்டில் கீழ்ப் படுக்கையறையின் கூரையில் ஒருமுறை மஞ்சளாக ஒரு வளையம் விழுந்தது. மூன்று பேரை வரவழைத்துக் காட்டினோம். மூன்று பேரும் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு நேராக மொட்டைமாடிக்குப் போய், டேப் பிடித்து அளந்து, தளம் முழுக்க வாட்டர்புரூஃப் பூச்சு அடிக்க விலை சொன்னார்கள். சதுர அடி ஐம்பது ரூபாய் என்று வைத்து நாற்பதாயிரம்.

நான்காவதாக மேஸ்திரி வந்தார். வந்ததும் பையைத் திறக்கவில்லை. பென்சில் கேட்டு வாங்கி, ஸ்டூல்மேல் ஏறி, ஈரம் நிற்கிற விளிம்பிலேயே வளையத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார். பக்கத்தில் தேதியும் எழுதினார். பிறகு மாடிக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, கரணையின் காம்பால் தளத்து ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். நன்றாகப் பிடித்திருக்கும் ஓட்டில் தட்டினால் கெட்டியான, குட்டையான சத்தம். அடியில் சாந்து விட்டிருந்தால் பொள்ளென்று கேட்கும். அப்படி ஏழெட்டு ஓடுகள் இருந்தன. வளையத்துக்கு நேர் மேலே ஒன்றுகூட இல்லை. மழைத்தண்ணீர்க் குழாயின் வாயைச் சாக்கும் களிமண்ணும் வைத்து அடைத்து, தளத்தில் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் தேக்கச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வளையம் பென்சில் கோட்டைத் தாண்டவில்லை.

மறுபடி வந்தபோது, "தளம் இல்ல சார், தளம் நல்லாருக்கு" என்றார். வேறெங்கே என்று அவருக்கும் உடனே தெரியவில்லை. அக்காதான் சொன்னார்: "மேல பாத்ரூம் தரைய பாருங்கண்ணே. இங்க நிக்கிறப்ப சோப்புத் தண்ணி வாட அடிக்குது." மாடிக் குளியலறையில் தரைத் துவாரத்தை ஒட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். சாயங்காலத்துக்குள் ஈரம் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை நகர்ந்துவிட்டது. அந்தத் துவாரத்தில் பதித்த நகானி ட்ராப்பைச் சுற்றியிருந்த சாந்து சுருங்கி, குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. தண்ணீர் அதன் வழியாக இறங்கி, தளத்துக்குள்ளேயே கம்பியை ஒட்டிக் குறுக்கே நாலடி நடந்து, வசதியான இடத்தில் தலையைக் காட்டியிருக்கிறது. தண்ணீர் நுழைகிற இடம் ஒன்று, தெரிகிற இடம் ஒன்று. பழுது வேலையின் பாதிச் சிரமம் அதில் இருக்கிறது.

அடைப்பு வேலை காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. இருவருக்கும் அன்றைய நாளுக்கான கூலி. முன்பு வந்துபோன காலைகளுக்கு என்ன என்று கேட்டேன். "பார்த்ததுக்கு என்ன சார் காசு" என்று கையை உதறினார். வற்புறுத்திக் கொடுத்ததை, அடுத்த வேலையில் கழித்துக்கொள்வதாகச் சொல்லித்தான் வாங்கினார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. நாற்பதாயிரம் ரூபாய் வீணாகப் போகாமல் காத்தது கரணை அல்ல. பென்சில் கோடும், தட்டிக் கேட்ட காதும், சோப்பு வாடையைப் பிடித்த மூக்கும்தான். அதற்கு விலை கேட்க அவருக்கே கூச்சமாக இருக்கிறது. மருத்துவர் நாடி பார்த்து மருந்து வேண்டாம் என்று அனுப்பினாலும் பார்த்ததற்குக் கொடுக்கிறோம், மனம் நிறைந்தே கொடுக்கிறோம். கொத்தனார் தளத்தைப் பார்த்துவிட்டு வேலை ஒன்றும் வேண்டாம் என்றால் வெறுங்கையோடு அனுப்புகிறோம். பார்வைக்குக் காசு இல்லை, வேலைக்கு மட்டுமே காசு என்று ஆகிவிட்டால், பார்க்க வருகிறவரின் கண்ணுக்கு வேலை மட்டுமே தெரியும். முதலில் வந்த மூன்று பேரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் செலவழித்து, ஒன்றும் பெறாமல் திரும்புவதற்கு அவர்களுக்கு என்ன கட்டாயம்? இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிற இடங்களில் அந்த இலவசத்தின் விலையைச் சதுர அடியில் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். சின்ன வேலைக்கு நாம் கொடுக்கிற பெரிய தொகையில் ஒரு கணிசமான பகுதி, கண்டுபிடிக்கப்படாத பழுதுகளுக்காகப் போகிறது. பூசின இடத்திலேயே மறுபடி பூசுகிறோம், அடித்த தளத்திலேயே மறுபடி அடிக்கிறோம்.

முந்தைய வழக்கத்தில் இந்தப் பார்வை தனிச் செலவாக இல்லை. வருஷத்தோடு சேர்ந்து அது தானாக வந்தது. பொங்கலுக்கு முன் வெள்ளையடித்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கித் தொட்டியில் போட்டு நீர் ஊற்றினால் கொதித்து நீறும். வடிகட்டி, மட்டை பிரஷ்ஷால் அடிப்பார்கள். சுண்ணாம்பு பூச்சியைக் கொன்றது, காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகி மயிரிழை விரிசல்களை அடைத்தது. அவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. வெள்ளையடிக்கப் பீரோவும் கட்டிலும் நகர வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை வீட்டின் ஒவ்வொரு சுவரும், மூலையும், பரணின் அடிப்பக்கமும் ஒரு மனிதக் கண்ணுக்கு முன்னால் ஒரு முழம் தூரத்தில் வந்து நின்றன. ஓதம் எங்கே ஏறியிருக்கிறது, கறையான் எந்த நிலைக்காலில் மண் கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துபோகும். ஓட்டு வீடுகளில் ஐப்பசி மழைக்கு முன் ஆள் ஏறி ஓட்டைப் பிரித்து, உடைந்ததை மாற்றி, திரும்ப அடுக்கினார்கள். அதுவும் இதே காரியம்தான். ஏழெட்டு வருஷம் தாங்கும் பெயின்ட் வந்தபிறகு ஏழெட்டு வருஷம் யாரும் பீரோவை நகர்த்துவதில்லை.

மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற பழைய தளங்களைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மர உத்திரங்களுக்கு மேல் சன்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். தட்டுகிற கட்டை எம்பிக் குதிக்கும்வரை தட்ட வேண்டும் என்பது கணக்கு. அதற்குமேல் தட்டோடு. இன்றைய கூலியில் அப்படி ஒரு தளத்தை யாரும் போட மாட்டார்கள். போட வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட வீட்டின் பழுதுக்குச் சிமெண்ட் சாந்தை அப்பும்போது மனம் பதறுகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் உப்புப் பூத்துப் பொடியாகிறது. இரண்டு வருஷத்தில் பூச்சு அப்படியே பலகையாகக் கழன்று வருகிறது. மலிவாகச் செய்த வேலை என்று அதைச் சொல்ல முடியாது, விலை கொடுத்துச் சுவரைக் கெடுத்ததுதான் மிச்சம்.

கான்கிரீட் வீடு ஈரத்துக்கு இன்னும் மோசமாகப் பலியாகிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும். தளத்தில் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. பல வீடுகளில் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டை வைத்துக் கம்பியைத் தூக்கிவிட்டுக் கொட்டியிருப்பார்கள். ஈரமும் காற்றும் அந்த மெல்லிய மூடியைக் கடந்து உள்ளே போகப் போகக் காரம் குறைந்து கம்பி துருவேறுகிறது. துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில்தான் கான்கிரீட் பிளந்து விழுகிறது. விழுவதற்குப் பல வருஷம் முன்னாலேயே கம்பி ஓடுகிற நேர்கோட்டில் ஒரு மயிரிழை தெரிந்திருக்கும். அப்போது கவனித்திருந்தால் மேலே தண்ணீர் தேங்காமல் வாட்டம் எடுத்துவிட்டு, விரிசலை அடைத்து முடித்திருக்கலாம். சன்ஷேடுக்கு ஏழாயிரம் என்று மேலே போட்ட கணக்கு, அந்த மயிரிழையை யாரும் பார்க்காமல் போனதற்கான வட்டியும் முதலும்.

கைப்பிடிச்சுவரின் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். காக்கை எச்சத்தில் விழுந்த விதை முதல் மழைக்கு இரண்டு இலை விடும். அன்றைக்கு இரண்டு விரலால் பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். மறு வருஷம் வெட்டத்தான் முடியும், வெட்டினால் துளிர்க்கும். மூன்று நான்கு வருஷத்தில் வேர் செங்கல் வரிசைகளைப் பிரித்துக்கொண்டு இறங்கியபிறகு, அந்தச் சுவரை இடித்துக் கட்டாமல் அதை எடுக்க முடியாது. மாடி ஏறிப் பார்க்க முட்டிவலி விடாத முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில், பிள்ளைகள் வெளியூரிலிருந்து பணம் அனுப்புகிறார்கள், அரசமரம் கைப்பிடிச்சுவரில் செழித்து நிற்கிறது.

கோயில்களுக்கு இதையெல்லாம் யோசித்து ஒரு ஏற்பாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு. அதற்கு முன் பாலாலயம் செய்து மூலவரின் ஆற்றலைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, திருப்பணிக்காரர்கள் விமானத்திலும் கோபுரத்திலும் ஏறுவார்கள். முளைத்த செடிகளைப் பிடுங்குவது, சுதைச் சிற்பங்களின் உடைந்த விரல்களைச் சரிசெய்வது எல்லாம் அப்போது. விக்கிரகத்துக்கும் பீடத்துக்கும் நடுவே கொம்பரக்கும் குங்கிலியமும் எருமை வெண்ணெயும் இன்னபிறவும் சேர்த்து இடித்த அஷ்டபந்தன மருந்தைப் புதிதாகச் சாத்துவார்கள். கடவுளே ஆனாலும் அடியில் வைத்த மருந்து பன்னிரண்டு வருஷத்தில் இறுகி வெடிக்கும் என்பதை ஒப்புக்கொண்ட மரபு இது. பழைய கல்வெட்டுகளில் விளக்கெரிக்கவும் நந்தவனத்துக்கும் நிலம் விட்டது போலவே, பழுது புதுக்குவதற்கென்றும் நிலம் விட்டிருக்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு வருகிறது. வருஷா வருஷம் தூர் எடுத்துக் கரையைப் பலப்படுத்தாத ஏரி ஏரியாக நிற்காது என்று அறிந்தவர்கள் அவர்கள். எதையாவது கட்டினால் அதைக் காப்பதற்கான வருமானத்தையும் சேர்த்தே ஒதுக்குவது நமக்குத் தெரியாத விஷயமல்ல. அடுக்ககங்களில் கார்ப்பஸ் ஃபண்ட் என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். அதையே சண்டையில்லாமல் நடத்தும் சங்கங்கள் குறைவு. தனிவீடுகளில் அதுவும் இல்லை. வருமான வரிச் சட்டம் வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தை ரசீது எதுவும் கேட்காமலே கழித்துக்கொள்ள விடுகிறது. வீடு என்றால் பராமரிப்புச் செலவு இருக்கும் என்பதை வரி போடுகிறவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த 30 சதவீதத்தில் எவ்வளவு வாடகை வீட்டின் சுவருக்குத் திரும்பி வருகிறது என்பதை ஓதமேறிய அறைகளில் குடியிருக்கிறவர்கள் அறிவார்கள்.

கூலி ஏறியதைப் பற்றி. சிமெண்டுக்கு அரசுக் கட்டுப்பாடு இருந்து, பெர்மிட் வாங்கி மூட்டை எடுத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். 1982இல் பாதி தளர்த்தி, 1989இல் முழுக்க எடுத்தார்கள். அந்த நாட்களில் ஒரு மூட்டை சிமெண்ட் வாங்க ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலி போதாது. இன்று அவருடைய ஒரு நாளில் மூன்று மூட்டை வருகிறது. ஆலை பெருகப் பெருக, எந்திரம் பெரிதாகப் பெரிதாக, சிமெண்ட் ஒப்பீட்டில் மலிவாகிறது. கரணை பிடிக்கும் கைக்கு அப்படி வேகம் கூடாது. ஒரு மூலையைப் பூச எங்கள் தாத்தா காலத்தில் ஆன நேரம்தான் இப்போதும் ஆகிறது. 1960களில் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் இசைக் கச்சேரிகளையும் நாடகங்களையும் வைத்து இதை விளக்கினார்கள்: நால்வர் வாசிக்க வேண்டிய இசையை என்றைக்கும் நால்வர்தான் அதே நேரத்துக்கு வாசிக்க வேண்டும், வெளியே மற்ற தொழில்களில் கூலி ஏறும்போது அவர்களுக்கும் ஏறியாக வேண்டும், ஆகவே அந்தக் கலை ஆண்டுக்காண்டு விலை கூடித்தான் தீரும். பழுது பார்ப்பதும் அந்த வகைதான். ஒரு மனிதனின் நாள் ஒரு மூட்டைப் பொடியைவிடக் குறைவாக இருந்த காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் விரும்பவில்லை. கொத்தனார் கூலி ஏறியது இந்த நாட்டில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. அவர் பிள்ளைகள் படித்தது அதில்தான்.

அப்படியும் அவர் பங்குக்கு முழுசாக வந்துசேரவில்லை. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. பதிவு செய்துகொண்டவருக்கு அறுபது வயதில் ஓய்வூதியம் உண்டு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு. அதற்கான நிதி, கட்டடச் செலவில் ஒரு சதவீதம் என்று வசூலாகிறது. 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், பத்துக்கும் குறைவானவர்கள் வேலை செய்கிற இடத்தையும், சொந்தமாகக் குடியிருக்கப் பத்து லட்சம் ரூபாய்க்குள் செய்து கொள்கிற வேலையையும் தன் வரம்புக்கு வெளியே வைத்தது. நம் சன்ஷேடு, நம் குளியலறை, நம் கைப்பிடிச்சுவர் எல்லாமே அந்த வெளியில் விழுகிறவை. வாழ்நாள் முழுக்கச் சின்ன வேலையே பார்க்கும் கொத்தனாரின் முதுமைக்கு, அவர் போகாத பெரிய கட்டடங்கள்தான் காசு தருகின்றன. அவர் பழுது பார்த்த வீடுகள் எதுவும் தருவதில்லை. எங்கள் மேஸ்திரியின் கையைப் பார்த்திருக்கிறேன். சிமெண்டின் காரம் விரல் நுனிகளை வெடிக்கவைத்து, ரேகை தேய்ந்து, ரேஷன் கடைக் கருவி பலமுறை அவரை அவரென்று ஏற்றுக்கொள்வதில்லை.

சித்தாள் நிலைமை இன்னும் கீழே. கூலியில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. முப்பது வருஷம் சாந்து குழைத்த பெண்ணுக்கு எந்தச் சாந்து நிற்கும், எது வெடிக்கும் என்று விரலிலேயே தெரியும். நேற்று சேர்ந்த பையன் நாலைந்து வருஷத்தில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். அவர் கடைசிவரை சித்தாள். ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் திட்டம் நடந்தபோது பெண்கள் கொத்து வேலை கற்றுக்கொண்டு வேலை செய்தார்கள், ராணி மிஸ்திரி என்று அவர்களை அழைத்தார்கள். இங்கே அந்த வாசல் இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

பெரிய சைட்டுகளில் இப்போது வடக்கேயிருந்து வந்த இளைஞர்கள். ஒரே மாதிரிச் சுவர், ஒரே மாதிரித் தளம், மாதக்கணக்கில் நிச்சயமான வேலை. பழைய வீட்டின் பழுதுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய உள்ளூர்க்காரர்கள். மேஸ்திரியின் மகன் தனியார் கம்பெனியில் இருக்கிறான். இந்தத் தொழிலுக்கு வரமாட்டான், அப்பாவும் கூப்பிடவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் கொத்து வேலைக்கு ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. பழைய சுவரைத் தட்டிக் கேட்கவும், தண்ணீர் போகும் வழியைத் தேடவும், சுண்ணாம்புச் சுவரையும் சிமெண்ட் சுவரையும் பிரித்தறியவும் அதேபோல ஒரு படிப்பு வேண்டும். புதுவேலைக் கூலியைவிட அதற்கு ஒரு படி மேலே கூலி வேண்டும்.

எங்கள் தெருவில் சில வீடுகள் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். புரட்டாசி பிறந்ததும் மேஸ்திரியும் அக்காவும் வருவார்கள். கரணையும் பென்சிலும் போதும், சாந்துச் சட்டி கிடையாது. மாடி, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, சன்ஷேடு எல்லாவற்றையும் பார்த்து, வீட்டுக்கு ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். வேலை ஒன்றும் இல்லை என்று எழுதினாலும் பார்வைக்கான தொகை உண்டு. வருகிற வருஷம் வேலை சீக்கிரம் முடிவதற்காக இடப்பக்க வீடுகளை அவரும் வலப்பக்க வீடுகளை அக்காவுமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரியே சொன்னார். "எனக்குக் கேக்கிறதவிட அதுக்கு நல்லாக் கேக்கும் சார்" என்றார். பார்வைக் கூலி இருவருக்கும் ஒன்றுதான் என்று நாங்கள் சொன்னோம். சித்தாளுக்கு எதற்குக் கொத்தனார் காசு என்று வலப்பக்கத்தில் இரண்டு வீடுகள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கின்றன. ஆவணிக்குள் அவர்களைச் சம்மதிக்கவைக்க வேண்டும், பேசிக்கொண்டிருக்கிறோம்.